ஒரு பாய் அகலக் கோரை

ஆற்றங்கரை மண் உப்பேறியதும் ஊர் காலியானது. உமரிச் செடியைத் தவிர வேறெதுவும் அங்கே முளைப்பதில்லை. முத்துராக்கு மட்டும் தங்கிவிட்டாள். மண்ணைச் சோதிக்க வந்த அதிகாரி அவள் வாசலைப் பார்த்ததும் அப்படியே குந்திவிட்டார். அங்கே ஒரு பாய் அகலத்துக்குப் பச்சைப் பசேலென்று கோரை. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பே இல்லம்மா! கீழ நல்ல தண்ணி ஊத்து இருக்கு. இல்லாட்டி கோரை எப்படி வரும்?”

அந்த ஊற்று எதுவென்று முத்துராக்குக்குத் தெரியும். புருஷன் செத்து நாலு வருஷமாகியும், மெயின் ரோட்டுக்கு வரும் லாரியில் அவர் குடத்துக்கும் சேர்த்தே தண்ணீர் பிடித்து வந்தாள். தினமும் பொழுது சாயும்போது, அவர் வழக்கமாகக் கால் கழுவும் அந்த இடத்தில் அதை ஊற்றிவிடுவாள்.

“தோண்டிப் பாக்கணும்மா.”

“எத்தனை பேரு வருவாக, தம்பி?”

“எட்டுப் பேர். பத்து நாள் வேலை. ஏன்?”

“சும்மாதான் கேட்டேன்.”

ஜீப் போனதும், பரணில் கவிழ்ந்து கிடந்த பெரிய சோற்றுப் பானையை இறக்கி ஒட்டடையைத் துடைத்து வைத்தாள். பொழுது சாய்ந்தது. அன்றைக்குக் கோரையடியில் அவள் இரண்டு குடத்தையும் ஊற்றினாள்.