விட்டுப்போன பெயர்கள்

"எம்மே, இன்னைக்கு மட்டும் மூணு பேர் மயங்கி விழுந்தாச்சு. பேரை நோட்டுல எழுதுங்க!"

"எழுத மாட்டேன்" என்றாள், தொழிற்சாலையில் எல்லாரும் 'எம்மே', அதாவது அம்மா, என்று கூப்பிடும் நர்ஸ் மாதுமெலோ.

மருந்தறைக் கட்டிலில் திம்போ கண்மூடிக் கிடந்தாள். நர்ஸ் அவள் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டாள். மேஜைமேல் நோயாளிகள் நோட்டு திறந்து கிடந்தது. இங்கே கடுங்கோடையான ஜனவரி பூராவும் ஒரு பெயர்கூட இல்லை.

தொழிலாளர் சங்கச் செயலாளர் மொரொவேசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாசேரு ஊரே கொதிக்குது. மழை பொய்ச்சு, குழாய்த் தண்ணியும் நின்னு போச்சு. தகரக் கூரைக்குக் கீழே ஜீன்ஸ் தைச்சுக்கிட்டே வேகுறோம். நீங்க எழுதினாத்தானே நாங்க ஃபேன் கேக்க முடியும்?"

"மயக்கம் வந்தா இங்க வந்து படுக்கச் சொல்லு. தண்ணி வேணும்னா என் குடத்துல எடுத்துக்கச் சொல்லு. பேர் மட்டும் கேக்காதே."

"ஓஹோ! கம்பெனி விசுவாசமா?"

நர்ஸ் துணியை மறுபடி நனைத்தாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொரொவேசியே பேப்பரும் பேனாவுமாகக் கிளம்பிவிட்டாள்.

"மயங்கி விழுந்தவங்க, காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுறவங்க, எல்லாரும் பேர் குடுங்க. வெளிநாட்டு உதவி நின்னு கிளினிக்கையும் மூடிட்டாங்க. இனிமே மாத்திரைக்குக் கம்பெனிதான் பொறுப்புன்னு கேக்கப்போறோம்."

சோளக்களியை உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திம்போ எழுந்து வந்திருந்தாள். முகம் இன்னும் தெளியவில்லை. "பேர் போட்டா ஒண்ணும் ஆயிடாதே? வீட்டுல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன்."

"நான் எதுக்கு இருக்கேன்? போடு."

போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். முப்பத்தெட்டுப் பெயர்கள். கோரிக்கை மனுவோடு சேர்த்து, ஒரு மணிக்கு ஆபீசில் கொடுத்தாயிற்று.

நாலு மணிக்கு மேனேஜர் லெபுசா கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரு, மொரொவேசி" என்றார். இவ்வளவு அன்பாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. "முப்பத்தெட்டுப் பேருக்கு உடம்பு முடியலைன்னு எழுதியிருக்கே. பாவம்."

"அதான் ந்தாதே" என்றாள், ஐயா என்ற மரியாதையோடு. "ஃபேன், குடிதண்ணி, வெயில் நேரத்துல பத்து நிமிஷம் ஓய்வு..."

"அமெரிக்காக்காரன் வரியை ஏத்திட்டான். ஆர்டர் பாதியாப் போச்சு. மாசக் கடைசிக்குள்ள நாப்பது பேரைக் குறைக்கணும்." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "யாரைன்னு முடிவு பண்ண முடியாம பத்து நாளாத் தூக்கமில்லை. நீயே சுலபமாக்கிட்டே. முடியாதவங்க வீட்டுல ஓய்வெடுக்கட்டுமே!"

மொரொவேசி மேஜைப் பக்கம் கையை நீட்டினாள்.

"ந்தாதே, அந்தப் பட்டியலைத் திருப்பிக் குடுங்க. மனுவையே வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அது என்கிட்ட இல்லையே. பேரைக்கூட நான் இன்னும் படிக்கலை. நாளைக்கு யாரும் வழக்குப் போடக்கூடாதில்ல? சரிபார்த்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரச் சொல்லி அப்பவே நர்ஸ்கிட்ட அனுப்பிட்டேன்." போனை எடுத்தார். "எம்மே மாதுமெலோவை வரச் சொல்லு."

அந்த ஐந்து நிமிடமும் மொரொவேசி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டுப் பேர் வீட்டு அடுப்பையும் இந்தக் கைதான் அணைத்தது. திம்போவுக்கு என்ன சொல்வாள்? 'நான் எதுக்கு இருக்கேன்' என்று கேட்டாளே, இதற்குத்தானா?

கதவு திறந்தது. நர்ஸ் காகிதக் கட்டோடு வந்து நின்றாள்.

"சரிபார்த்தாச்சா எம்மே?"

"ஆச்சு ந்தாதே. இவ குடுத்த பட்டியல்ல நிறையப் பேர் விட்டுப்போயிருந்தாங்க. எல்லாரையும் சேர்த்து, புதுசா எழுதிட்டேன். பழைய தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"இன்னும் சேர்த்தீங்களா?" மொரொவேசி துள்ளி எழுந்தாள். "நீங்களும் ஒரு பொம்பளையா? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

நர்ஸ் காகிதக் கட்டை லெபுசாவிடம் நீட்டினாள்.

லெபுசா சிரித்துக்கொண்டே முதல் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாவது பக்கத்தில் சிரிப்பு நின்றது. நாலாவது பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன இது? துணி வெட்டுறவங்க, தைக்கிறவங்க, இஸ்திரி போடுறவங்க, சூப்பர்வைசருங்க, வாசல் காவலாளிகூட... இங்க வேலை பார்க்கிற மொத்தப் பேரும் இருக்காங்களே!"

"ஆமா ந்தாதே. எல்லாருக்கும் ஒரே வியாதிதான்."

"என்ன வியாதி?"

"மேல இருக்கிற தகரக் கூரை. வைத்தியம் அதுக்குப் பண்ணணும், ஆளுங்களுக்கு இல்லை."

"இதுல யாரைன்னு நான் நிறுத்துறது?"

"அதை நீங்கதான் சொல்லணும். முத்திரை போட்ட தாள், நாளைக்கு யார் கேட்டாலும் காட்டலாம்."

லெபுசா காகிதக் கட்டை மேஜைமேல் வீசிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மொரொவேசி கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். நீல முத்திரை. கையெழுத்து. அதற்கு மேலே, நோயாளிகள் வரிசையில் நூற்று அறுபத்து மூன்றாவதாக, கடைசிப் பெயர்: மாதுமெலோ.