காணாமல் போன ஸ்குரூ

“எதுக்குத் தம்பி இரும்பத் தொட்டுக் கும்புடுறீங்க?”

ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி அமிர்தலிங்கத்தின் குரலில் கேலி இல்லை. விசாரணைதான் இருந்தது.

“கும்புடலங்கய்யா. நம்ம உடம்புல இருக்குற கரண்டு பட்டாலே உள்ள இருக்குற கார்டு செத்துரும். அதான் மொதல்ல பெட்டியோட இரும்புல எறக்கி விடுறேன்.”

அர்ஜுனன் ஈப்போவிலிருந்து விடியற்காலையில் வேனைக் கிளப்பி வந்திருந்தான். அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். எண்பத்தெட்டாம் வருஷம். போன வாரம்தான் அவனுடைய கம்ப்யூட்டர் கடையிலிருந்து லோரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். சில நாள் ஓடியது. பிறகு திரை இருண்டுவிட்டது.

திரைக்குப் படம் அனுப்பும் வீடியோ கார்டாகத்தான் இருக்கும். கழற்றிப் பார்க்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கினான். திரைக்குப் போகும் வயரைக் கழற்றினான். பெட்டியின் மூடியை இழுத்து எடுத்தபோது கிராணி நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

தோட்டத்தை நடத்தும் துரைதான் அவரைக் காவலுக்கு வைத்திருந்தார். புதுச் சாமானை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டிவிடுவானோ என்ற பயம். அர்ஜுனனுக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் அவனை இப்படிப் பார்த்ததில்லை.

மூலை மேசையில் சின்னக் கிராணி பவளம் டைப் அடிப்பதை நிறுத்தியிருந்தாள்.

உள்ளே டார்ச் அடித்தான்.

கார்டைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் ஸ்குரூ அங்கே இல்லை. கார்டின் ஒரு முனை மேலே எழும்பி நின்றது.

அடியில் விழுந்திருக்கிறதா என்று பெட்டியைச் சாய்த்துப் பார்த்தான். இல்லை. தானாகக் கழன்றிருந்தால் உள்ளேதான் கிடக்க வேண்டும்.

யாரோ எடுத்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தான். கிராணி இப்போது அவன் கைகளைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில், டைப்ரைட்டர் சரி செய்யும் சின்னத் திருப்புளி ஒன்று செருகியிருந்தது.

தோட்டத்து கேட்டில் காவல்காரர் மாடசாமி சொன்னது ஞாபகம் வந்தது. இந்த மெஷின் ஒழுங்காக ஓடினால் ஆபீசுக்கு ஒரு கிராணி போதுமாம். வேலை போனால் தோட்டத்து வீடும் போகும்.

அப்படியானால் இந்த மனிதர் திருடனைக் காவல் காக்கவில்லை. அகப்பட்டுவிடுவோமா என்றுதான் பார்க்கிறார்.

அர்ஜுனன் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. கார்டின் ஓரங்களை மட்டும் விரலால் பிடித்து, ஆட்டாமல், நேராக மேலே தூக்கினான். முனைகளைத் துடைத்தான். திரும்பவும் அழுத்தி உட்கார வைத்துத் தன் டப்பாவிலிருந்து ஒரு ஸ்குரூவைப் போட்டு முடுக்கினான்.

திரையில் வெளிச்சம் வந்தபோது துரை வாசலில் நின்றார். யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். கண் பவளத்தின் மேல் இருந்தது.

“யாரும் தொடல தொரை. மலையேறுற தாப்பா ரோட்டு வளைவுல லோரி ஆடுன ஆட்டத்துல எழும்பியிருக்கும்.”

துரை நம்பியதாகத் தெரியவில்லை. பவளத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

தூறலில் வேன் வரைக்கும் கிராணி குடை பிடித்து வந்தார்.

“அந்தப் புள்ளயக் காட்டிக் குடுக்காம விட்டீங்களே, நல்லா இருக்கணும் தம்பி. அப்பன் இல்லாத புள்ள. ஏதோ பயத்துல செஞ்சிருச்சு.”

நன்றாக நடிக்கிறார் மனிதர் என்று நினைத்துக்கொண்டே அர்ஜுனன் வண்டியை மலையிலிருந்து இறக்கினான்.

அடுத்த வாரம் கடையில், அதே சரக்கில் வந்த இன்னொரு கம்ப்யூட்டரை வெளியே எடுத்தான். என்னவோ தோன்றியது. மூடியைத் திறந்தான்.

அதிலும் ஸ்குரூ இல்லை.

மிச்சம் இருந்த பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தான். எதிலுமே இல்லை. செய்த இடத்திலேயே யாரும் மாட்டவில்லை. லோரி ஆட்டம் என்று அவன் சொன்ன பொய்தான் நிஜமாகவே நடந்திருந்தது.

உடனே தோட்டத்துக்குப் போன் போட்டான். பவளம்தான் எடுத்தாள். விஷயத்தைச் சொல்லி முடித்தான்.

“அண்ணே…” என்றாள். “அன்னைக்கே தொரை என்னைய வேலையிலருந்து நின்னுக்கச் சொல்லிட்டாரு. பெரிய கிராணி மாமாதான் குறுக்க வந்து, நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டாரு. நானும் மெய்யின்னு நெனச்சு இத்தன நாளா அவரு மொகத்தையே பாக்கல. இப்பதான் லயத்து வீட்டுக்கிட்ட அவரு சாமானெல்லாம் லோரியில ஏத்திக்கிட்டு இருக்காங்க.”

ரிசீவர் மேசையில் விழுந்தது. செருப்புச் சத்தம் ஓடியது. “மாமா! மாமா!” என்ற குரல் தூரத்தில் போய்த் தேய்ந்தது.

அர்ஜுனன் போனை வைக்காமல் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான்.

எங்கேயோ ஒரு லோரி கியர் மாற்றி இறக்கத்தில் திரும்பும் சத்தம் கேட்டது.