காய்த்த கை

"கையை நீட்டுங்க தம்பி" என்றார் அஹமது கபீர்.

துரைராசு இரண்டு கைகளையும் மல்லாத்தி நீட்டினான்.

நாகூரில், தன் தம்பியின் ஜவுளிக்கடை மாடியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார் கபீர். துபாயில் மண் வேலைக் கம்பெனி ஒன்றின் மேஸ்திரி, லீவில் வந்திருந்தார். கம்பெனி தன் செலவில் பன்னிரண்டு பேருக்கு வேலை பெர்மிட் எடுத்து, ஆள் பார்க்கும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தது. பதினோரு பெயர் எழுதியாகிவிட்டது.

அவர் சர்டிபிகேட் எதுவும் கேட்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் உள்ளங்கையைத் தடவிப் பார்ப்பார். போன தடவை வாத்தியார் ஒருவர் மண் வெட்டுகிறவர் என்று சொல்லிப் போய், பத்தே நாளில் சுருண்டு படுத்துவிட்டார். அதற்காகக் கபீர் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்வளவு நேரம் பாக்க மாட்டாங்க" என்றான் மாடிப்படியில் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். துரைராசுவும் சிரிக்கப் பார்த்தான்.

கட்டைவிரல் மோதிர விரலுக்கு அடியில் வந்து நின்றது.

அங்கே காய்ப்பு இருந்தது. இரண்டு மாதக் காய்ப்பு.

வரப்பில் குடை பிடித்து நின்று அறுப்புப் பார்த்த குடும்பம். நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக, குத்தகைக்காரர்களோடு வழக்கில் கிடப்பது போக, பி.ஏ. படித்த துரைராசுவுக்கு மிஞ்சிய நிலம் வீட்டுச் சோற்றுக்கே காணவில்லை. சித்திரையும் வைகாசியும் அவன் முத்துப்பேட்டைப் பக்கம், தன் முகம் தெரியாத ஊரில், வாய்க்கால் தூர்வாரும் ஆட்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தான். கொப்புளம் உடைந்தது. உடைந்த இடத்திலேயே மறுபடியும் பிடித்தான்.

வீட்டில், துபாயில் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருந்தான்.

"ம். பிடிச்ச கைதான். அப்படி ஓரமா நில்லுங்க" என்றார் கபீர். "இன்னும் யாரு இருக்கா?"

படியேறி வந்தவன் ரெத்தினம்.

துரைராசு சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஒரே ஊர். பத்து வயதிலிருந்து துரைராசு வீட்டு வயலில் கிடந்தவன் ரெத்தினம். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்த பிறகு அந்த வயலில் இறங்காதவன்.

கபீரின் கட்டைவிரல் ரெத்தினத்தின் உள்ளங்கையில் ஓடியது. திரும்பி வந்தது. மறுபடியும் ஓடியது. அவர் கண்ணைத் திறந்தார்.

"காலைப் பாத்தா சேத்துல நின்ன காலு. கையைப் பாத்தா கணக்கு எழுதுற கையால்ல இருக்கு?"

"கொஞ்ச நாளா வேலை இல்லீங்க பாய்."

"கொஞ்ச நாளா? வருஷக்கணக்குல சும்மா இருந்த கை மாதிரி மெத்துன்னு இருக்கு."

ரெத்தினம் அறையைச் சுற்றிப் பார்த்தான். சுவரோரம் வந்ததும் அவன் பார்வை நின்றது.

"அவரைக் கேளுங்க. எங்க ஊருதான்."

ஐயா என்று சொல்லவில்லை. அவர் என்றுதான் சொன்னான்.

கபீர் திரும்பினார். "அப்படியா? நீங்க சொன்னா எழுதிக்கிறேன் தம்பி. காய்ப்பு வரும் போகும், ஆளோட பழக்கந்தான் முக்கியம். இவரு மண்வெட்டி பிடிச்சவருதானா?"

ஆமாம் என்றால், யார் வயலில் என்று கேட்பார்.

கீழே கடையில் யாரோ துணி கிழித்தார்கள். அது நீளமாகக் கிழிந்து முடிந்தது.

"சரியாத் தெரியலீங்க பாய்."

ரெத்தினம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் முடிந்துவிடும். துரைராசு அதற்காகக் காத்திருந்தான். சொல்லிவிடட்டும் என்றுகூட நினைத்தான்.

ரெத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். படிப் பக்கம் போனவன், இன்னும் மூடாமல் இருந்த துரைராசுவின் கையைப் பார்த்து ஒரு கணம் நின்றான்.

"உள்ள புண்ணு ஆறல. தேங்காண்ணெ போடுங்க. அந்த ஊரு வெயிலுக்கு வெடிச்சுடும்."

படி இறங்கும் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது.

கபீர் பன்னிரண்டாவது பெயரை எழுதினார். தொழில் என்ற இடத்தில் மண் வெட்டுதல் என்று எழுதித் தாளைத் திருப்பி வைத்தார். துரைராசு பேனாவை எடுத்தான். விரல்கள் மடங்க மறுத்தன. பேனா நழுவி ஜமுக்காளத்தில் விழுந்தது.

"பழக்கமில்லையா? அதனால என்ன, கைநாட்டு வைங்க." கபீர் மைப்பெட்டியைப் பரிவோடு நகர்த்தினார்.

துரைராசு கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினான்.

கடைசியாக அவன் கையெழுத்துப் போட்டது போன வருடம் மாசியில். தன் வீட்டு வைக்கோல் போர் எரிந்த வழக்கில், அடையாளம் காட்டுவதற்காக மாஜிஸ்திரேட் முன்னால் அழைத்துப் போயிருந்தார்கள். வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். அவன் நேராக ரெத்தினத்திடம் போய் நின்றான். "நல்லாத் தெரியுங்க. இந்தக் கைதான் தீ வச்சுது" என்றான். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

வழக்கு நிற்காமல் போய், விடுதலையாகி வெளியே வருவதற்குள், விசாரணைக் கைதியாகப் பதினான்கு மாதம் வேலையே இல்லாமல் கிடந்தது அந்தக் கை.

போர் எரிந்த அன்று துரைராசு ஊரிலேயே இல்லை. நீடாமங்கலத்தில் மாமனார் வீட்டில் இருந்தான்.