அவருக்கு இருமல் மருந்து

சூப்பர் மார்க்கெட்டில் சிதறிக் கிடக்கும் தள்ளுவண்டிகளைச் சேர்த்து வரிசையில் விடுவது என் வேலை. அவற்றில் ஆட்கள் மறந்துவிட்டுப் போகும் சாமான் சீட்டுகளை ஆல்பத்தில் ஒட்டி வைப்பேன். எட்டு ஆல்பம் ஆகிவிட்டது. தனிக்கட்டை நான்; அடுத்தவர் வீட்டு அடுப்படி வரை போய்வர எனக்கு வேறு வழியில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு சீட்டு கிடைத்தது.

"பாத்ரூமுக்கு பல்பு. நீலச் சட்டைக்குப் பொத்தான். அவருக்கு இருமல் மருந்து, ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை. எனக்கு ஒரு டூத் பிரஷ்."

என் பாத்ரூம் பல்பு முந்தின நாள்தான் போயிருந்தது. போட்டிருந்த நீலச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. இரவு முழுக்க இருமியதும் நான்தான்.

எல்லாவற்றையும் வாங்கினேன்.

"பிரஷ் போன வாரம்தானேண்ணே வாங்குனீங்க? வீட்டுக்கு யாராவது வந்திருக்காங்களா?" என்றாள் பில் போடும் பெண்.

"தெரியலம்மா" என்றேன்.

வீட்டில் பல்பை மாட்டி, மருந்தைக் குடித்தேன். புது பிரஷ்ஷை என்னுடையதற்குப் பக்கத்தில் அதே தம்ளரில் வைத்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

காலையில் அந்தப் புது பிரஷ் ஈரமாக இருந்தது.

வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தவன், வெளியே பூட்டலாமா என்று தெரியாமல் பூட்டும் கையுமாக வெகுநேரம் நின்றேன்.