ஏர் ஃபில்டருக்குள்

மூன்று மாதமாகக் கதிரேசன் பிரித்துப் பிரித்துப் பூட்டியும் அந்தப் பழைய கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். இன்று ஏர் ஃபில்டரின் மூடியைக் கழற்றியதும் ஷெட் முழுக்க மூத்திர நாற்றம் பரவியது. உள்ளே எலிக்கூடு. சீட்டுப் பஞ்சைச் சுற்றி நீளமான தலைமுடி. தினமும் சீப்பிலிருந்து உருவித் தான் எறியும் முடி அது என்று, டார்ச் பிடித்து நின்ற அவன் மனைவி சுகந்திக்குத் தெரிந்தது. அதற்குள் கண் திறக்காத குட்டிகள் நெளிந்தன. அவன் ஸ்க்ரூடிரைவரால் கூட்டைக் குத்தி எடுத்துக் கழிவு ஆயில் டப்பாவில் போட்டான். ஒரு குட்டி நழுவி, இன்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரின் வாய்க்குள் விழுந்தது.

“போய்ச் சாவியத் திருப்பு.”

“உள்ள உசிரோட இருக்குங்க.”

“இன்ஜின் இழுத்துக்கும். எலிக்கெல்லாம் பிரசவம் பாக்காத.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். சுகந்தி டார்ச்சைக் கீழே வைத்தாள். அவன் விரல் நுழையாத அந்தத் துளைக்குள் தன் சுண்டுவிரலை விட்டாள். வெதுவெதுப்பான ஏதோ ஒன்று விரல் நுனியைச் சப்பியது. உடம்பெல்லாம் கூசியது.

அதற்குள் அவனே போய்ச் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

“கைய எடுடி. ஸ்டார்ட் பண்ணப்போறேன்.”

அவள் விரலை இன்னும் ஆழமாக நுழைத்தாள்.