அரை டம்ளர்

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோன பிறகு, வீட்டில் தண்ணீர்ப் பானைக்குப் பூட்டுப் போடாத குறைதான். டயாலிசிஸ் செய்யும் பெண் முதல் நாளே சொல்லிவிட்டாள். "ஊறப்போட்ட திராட்சையைப் பாத்திருப்பீங்கல்லம்மா? தண்ணி தோல் வழியா உள்ள போய் உப்பிக்கிட்டே இருக்கும். உங்க சார் உடம்பும் இப்ப அப்படித்தான். உப்பு எந்தப் பக்கமோ தண்ணியும் அந்தப் பக்கம் ஓடும். வேளைக்கு அரை டம்ளர் குடுங்க. மிஞ்சினா நெஞ்சுல நீர் கோத்துக்கும்."

அவர் காலில் விரலை அழுத்தினால் குழி அப்படியே நின்றது. ஆனாலும் ஒவ்வொரு வேளையும் நான் மொண்ட தண்ணீரில் பாதியைப் பானைக்கே திருப்பி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ சாகும்போது உனக்கு ஒரு சொட்டு கிடைக்காதுடி" என்பார். நாத்தனார் செண்பகவல்லி நார்த்தங்காய் ஊறுகாயோடு வந்து இறங்குவாள். உப்பு ஆகாது என்று சொன்னால், "ஆமா, மதினி டாக்டருக்குல்லா படிச்சிருக்காங்க" என்பாள்.

கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அன்று அவள்தான் எல்லோர் முன்னாலும் செம்பையும் டம்ளரையும் என் கையில் திணித்தாள்.

"இப்பவாவது எங்கண்ணன் வாயில தண்ணி விடுங்க மதினி. நெறைய விடுங்க."

டம்ளர் நிறைய ஊற்றினேன். கூடத்தில் அழுகை நின்றது. அவர் கண் திறந்து டம்ளரையே பார்த்தது.

என் கை, பாதியைச் செம்பில் திருப்பி ஊற்றியது.