சாம்பிளுக்கு வைத்த படம்

கேட்டைத் திறந்துகொண்டு மத்தியோ பெரியப்பா உள்ளே வந்தபோது அவர் கையில் ஆள் உயர ரோஜா மாலை இருந்தது.

வந்தவர் பாதி வழியிலேயே நின்றுவிட்டார்.

தெருவில் பந்தல் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் இல்லை. ஃப்ரீசர் பெட்டி இறக்கிய வண்டி இல்லை. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சாவு வீடு இப்படியா இருக்கும்?

ஜன்னல் ஓரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஏஸ்தெல் எழுந்து நின்றாள். லேப்டாப்பை மூடிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

ஹாலில் கட்டிலில் அவள் பப்பா என்று கூப்பிடும் அப்பா படுத்திருந்தார். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவைத்த உடம்பு. எலும்பும் தோலும்தான் மிச்சம். ஆனாலும் கேட் சத்தம் கேட்டால் கண் திறந்துவிடும். அண்ணனா என்று பார்ப்பார். பால்காரராக இருக்கும், பக்கத்து வீட்டு ஆளாக இருக்கும். மறுபடியும் மூடிக்கொள்வார்.

அண்ணன் வருவார் என்று வீட்டில் வேறு யாருக்கும் நம்பிக்கை இல்லை.

பெரியப்பா பிரான்சிலிருந்து வந்து சேர்வதற்குள் அவர்கள் இருவரையும் பெற்ற அம்மாவைப் பப்பா அடக்கம் செய்துவிட்டார். இதற்கு மேல் உடம்பு தாங்காது என்று பங்குச் சாமியாரும் சொந்தங்களும் சொன்னதைக் கேட்டுச் செய்தது. கல்லறையில் ஈர மண்ணைப் பார்த்த பெரியப்பா, அத்தனை பேர் முன்னால் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"உன் சாவுக்குக்கூட வர மாட்டேன்டா, ஆலேன்."

ஓய்வு பெற்று இதே ஊருக்கு வந்து, நோணாங்குப்பத்தில் வீடு கட்டிக் குடியேறிய பிறகும் அந்த வார்த்தையை அவர் விடவில்லை. போன மாதம் ஏஸ்தெலின் அம்மா நேரில் போய்க் கூப்பிட்டாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவுதான் திறக்கவில்லை.

அப்படிப்பட்டவர் இப்போது மாலையோடு வந்து நிற்கிறார். வாசலுக்கு வந்த அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெரியப்பா போனை நீட்டினார்.

போனில் பப்பா கோட்டு போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இருட்டிலிருந்து ஒரு மெழுகுவத்திச் சுடர் எழுந்தது. ரோஜா இதழ்கள் உதிர்ந்தன. மேலிருந்து ஒரு மாலை இறங்கி, படத்தில் பட்டு, லேசாக ஆடி அடங்கியது. அடியில் பெயர், தோற்றம், மறைவு. மறைவுக்கு நேரே அன்றைய தேதி.

ஏஸ்தெல் டிசைன் கல்லூரியில் மோஷன் கிராஃபிக்ஸ் படிக்கிறாள். தினமும் கண்ணில் படுகிற ஒரு வீடியோவைத் தேர்ந்தெடுத்து, அதை ஒழுங்காகச் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் நகைக்கடை, பிரியாணிக் கடை விளம்பரம் என்று போனார்கள். இவள் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வருகிற கண்ணீர் அஞ்சலியை எடுத்துக்கொண்டாள். சாம்பிளுக்குப் பப்பாவின் படம்.

முதலில் மாலை பொத்தென்று விழுந்தது. எந்தப் பொருளும் சட்டென்று நிற்காது, கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வந்துதான் நிற்கும், அந்த இடத்தில்தான் பார்க்கிறவர்கள் நம்புவார்கள் என்று சார் சொன்னார். மாலைக்குக் கனம் வரும்வரை அவள் விடவில்லை. முடித்துக் காட்டியபோது சார் மதிப்பெண் போட மறந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதை அம்மா பார்த்த அன்று முதுகில் பலமாக ஒன்று விழுந்தது.

"உசுரோட இருக்குற மனுசனுக்கு மால போடுறியாடி?"

அழித்துவிடுகிறேன் என்று அன்றைக்கு ஏஸ்தெல் சொல்லியிருந்தாள்.

இப்போது அம்மாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஏஸ்தெல் யார் கண்ணையும் பார்க்கவில்லை. "கை தவறிப் போயிடுச்சும்மா" என்றாள்.

பெரியப்பா கையை ஓங்கிவிட்டார். அந்தக் கை இறங்குவதற்குள் ஹாலிலிருந்து குரல் வந்தது.

"அண்ணே."

பெரியப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கட்டில் வரைக்கும் வேகமாகப் போனவர், தம்பி கிடந்த கிடப்பைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தவரைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

பப்பாவின் பார்வை மாலைக்குப் போனது. "யாருக்கு இது?"

"மாதாவுக்குடா. கோயிலுக்குப் போற வழியில அப்படியே வந்தேன்."

சொன்னதோடு நிற்காமல், சுவரில் இருந்த மாதா படத்தில் அதை மாட்டியும் விட்டார். மாலை பெரிது, படம் சிறிது. மாதா இருக்கும் இடமே தெரியவில்லை. பப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ஏஸ்தெலுக்கு அழுகை வந்தது.

பெரியப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தம்பியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அம்மா ஏஸ்தெலைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். காரைக்கால் சொந்தம், பிரான்சு சொந்தம், பங்கில் உள்ளவர்கள் என்று ஊரே கிளம்பி வந்துவிடுமோ என்று அவளுக்குப் பதறியது.

"யார் யாருக்குப் போச்சோ, அத்தினி பேருக்கும் தப்புன்னு சொல்லிடு. இப்பவே சொல்லு."

ஏஸ்தெல் போனை எடுத்தாள். எதையோ தட்டுவது போல விரலை மேலும் கீழும் நகர்த்தினாள். பெரிய பாவம் செய்துவிட்டோம், இது பப்பாவின் தலையில் விடிந்துவிடுமோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

"சொல்லிட்டேம்மா" என்றாள்.

அந்த வீடியோ ஒரே ஒருவருக்குத்தான் போயிருந்தது. அவர் ஹாலில் பப்பாவின் தலையைத் தாங்கிப் பிடித்து, தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.